அரிமளத்து நர்சம்மா மீட்டிங் போன கதை

அமிர்தவல்லிக்குக் குமட்டிக்கொண்டு வருவது மாதத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அவள் கை படாத அசிங்கம் இல்லை. ரத்தம், பனிக்குடத்து நீர், சீழ் பிடித்த புண், காய்ச்சலில் குளிக்காமல் கிடந்த பிள்ளைத்தாய்ச்சியின் வாடை, எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. "நம்ம நர்சம்மாவுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று அரிமளத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். ஆனால் புதுக்கோட்டையில் மீட்டிங் என்று ஆர்டர் வந்துவிட்டால் முதல் நாள் சாயங்காலமே அவள் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். சோறு உள்ளே இறங்காது.

பிறந்தது வல்லத்திராக்கோட்டையில், விவசாயக் குடும்பத்தில். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே வாந்திபேதியில் புருஷன் போய்விட்டான். பிறந்த வீட்டு அடுப்படியில் அண்ணிமாருக்கு எடுபிடியாக ஆயுசைக் கழிக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பிரசவம் பார்க்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சமஸ்தானத்தில் வேலை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவை நச்சரித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். "அடுத்தவ தீட்டக் கழுவுறதுக்கா ஒன்னையப் பெத்தாக?" என்று அண்ணன் ஆவுடையப்பன் குதித்தான். வேலை கிடைத்து அவள் அரிமளத்துக்குப் போன பிறகும் வெகுகாலம் அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. வெள்ளைப் புடவை, தோல் பை, தனக்கென்று ஒரு சின்ன ஓட்டு வீடு, தெருவில் போனால் "வாங்க நர்சம்மா" என்று எழுந்து நிற்கிற சனம். வேறென்ன வேண்டும்?

மாதாந்திர மீட்டிங் ஒன்று மட்டும் இல்லாதிருந்தால்!

யுத்தம் தொடங்கிப் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களெல்லாம் கரி பஸ்களாக மாறின. பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓடவேண்டும். கிளம்புவதற்கு முன் கிளீனர் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றுவான். டிரம் கணகணவென்று ஆகி, புகை பஸ்ஸுக்குள் வந்து நிறைந்து, உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இருமி முடித்த பிறகுதான் வண்டி நகரும். நகர்ந்தாலும் மேடு கண்ட இடத்தில் நின்றுவிடும்.

"எறங்குங்க, எறங்குங்க! ஆம்பளையாளுக தள்ளுங்க! பொம்பளையாளுக நடங்க!"

கண்டக்டர் கண்ணுசாமி இதைச் சொல்லும்போது அவன் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தெறிக்கும். அமிர்தவல்லி செம்மண் புழுதியில் இறங்கி நடப்பாள். திரும்ப ஏறினால் அவள் இடத்தில் யாராவது கோழிக்கூடையை வைத்திருப்பார்கள். காலடியில் கருவாட்டு மூட்டை. பக்கத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். எதிரில் ஒரு கிழவர் உள்ளங்கையில் மூக்கைச் சிந்தி ஜன்னல் கம்பியில் துடைப்பார். அந்தக் கம்பியைத்தான் அடுத்த மேட்டில் எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு, பஸ் குலுங்குகிற சாக்கில் முழங்கையை நீட்டுகிற ஆட்கள். அமிர்தவல்லி பையிலிருந்து ஊக்கை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொள்வாள். ஒரு முறை கதர்ச் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் "ஆ!" என்று அலறி எழுந்து போய்க் கடைசி வரை நின்றுகொண்டே வந்தார்.

புதுக்கோட்டையில் இறங்கும்போது வெள்ளைப் புடவை அடுப்புத்துணி மாதிரி ஆகியிருக்கும். அந்தக் கோலத்தில்தான் பெரிய டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். அவர் பேசப்போவதோ சுத்தத்தைப் பற்றி.

மீட்டிங் நடக்கிற கட்டடம் நல்ல உயரம். உள்ளே ஹாலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்காருவார்கள்: அம்மை குத்துகிறவர்கள், சுகாதார மேஸ்திரிகள், கம்பவுண்டர்கள். மருத்துவச்சிகளுக்கு வெளி வராந்தாவில் ஒரு சணல் பாய். ஆண்கள் செருப்புக் கழற்றிப் போடுகிற இடமும் அந்தப் பாயின் ஓரம்தான். சுவரில் இடுப்புயரத்துக்கு வெற்றிலை எச்சில். அங்கே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. வந்ததும் இங்கிலீஷில் ஏதோ படிப்பார். ஹெட் கிளார்க் ஆத்மநாதன் அதைத் தமிழில் சொல்வார். "பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டு அலம்பணும். கிணத்துக்கு மருந்து போடணும். ரிப்போர்ட் ஒழுங்கா வரணும்." போன மாதமும் இதுதான். கடைசியில் "யாருக்காவது குறை இருக்கா?" என்று பெரிய டாக்டர் கேட்பார். அது கேள்வி இல்லை, எழுந்து போவதற்கான அடையாளம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் அமிர்தவல்லிக்கு ஒரே ஒரு நல்லது இருந்தது. அது செபமாலை.

செபமாலை குளத்தூர்ப் பக்கத்து மருத்துவச்சி. அமிர்தவல்லியைவிட மூத்தவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. கீரனூரில் ரயில் ஏறி வருவாள். முதல் மீட்டிங்கில் பாயில் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்தபோது, உள்ளே பெரிய டாக்டர் தொண்டையைக் கனைக்க, இவள் வராந்தாவில் அச்சு அசலாக அதே மாதிரி கனைத்தாள். அமிர்தவல்லி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் இருவரும் எதிரே புங்கமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். எந்தப் பிள்ளை கால் முன்னால் வந்தது, எந்த மாமியார் ஆம்பளைப் பிள்ளை இல்லையென்று நர்சம்மாவுக்குச் சாபம் விட்டாள் என்று பேச்சு ஓடும். ஊரில் யாரிடமும் பேச முடியாத பேச்சு அது. பேசிப் பேசி மனசு லேசாகிவிடும்.

ஆனால் அந்த மரத்தடியில்கூட இருவரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. காரணம், அந்தக் கட்டடத்தில் பெண்கள் ஒன்றுக்குப் போக இடமில்லை. பெரிய டாக்டருக்கு உள்ளே தனி அறை, பூட்டிச் சாவி பியூனிடம். ஆண்களுக்குக் கொல்லைச் சுவர். சுவருக்கு அப்பால் வண்டிப்பேட்டை. எப்போதும் வண்டிக்காரர்கள் குந்தியிருப்பார்கள். கட்டடம் இருக்கிற கீழராஜவீதியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது? ஆகையால் மருத்துவச்சிகள் முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே தண்ணீரை நிறுத்திக்கொள்வார்கள். பங்குனி வெயிலிலும் அதே கதைதான்.

"புள்ளத்தாச்சிக்கெல்லாம் நெறையத் தண்ணி குடிங்கங்குறோம். நம்ம கதி என்னாடின்னா இந்தக் கதி" என்பாள் செபமாலை.

"சிரிக்காதீங்கக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பத்துறதுக்கும் ஒடம்புல தண்ணி வேணுமேத்தா."

ஒரு வருஷம் பங்குனியில் பார்வையிட வெளியூரிலிருந்து யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று காலையிலேயே எல்லோரையும் வரச்சொன்னார்கள். மருத்துவச்சிகள் வாசலில் வரிசையாக நின்று வணக்கம் சொல்ல வேண்டும். வெயில் ஏறியது. அதிகாரி வரவில்லை. செபமாலையின் முகம் வழக்கம்போல இல்லை என்பதை அமிர்தவல்லி கவனித்தாள்.

"இடுப்புப் பக்கம் கத்தி வச்சுக் கீறுறாப்புல இருக்குத்தா. நேத்திலேருந்தே குளுருது."

தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. அமிர்தவல்லி ஆத்மநாதனிடம் போய், அக்காவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றாள்.

"தொரை வர்ற நேரத்துலயா? வரிசையில ஓட்டை விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்? போய் நில்லும்மா, இதோ முடிஞ்சிரும்."

அதிகாரி வந்து, வரிசையைப் பார்க்காமலே உள்ளே போனார். மருத்துவச்சிகள் பாய்க்குத் திரும்பினார்கள். உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. செபமாலை கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். பிறகு எங்கேயாவது போயே ஆகவேண்டும் என்பது போலக் கையை ஊன்றி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நின்ற இடத்திலேயே அவளுக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. புடவை நனைந்து, தரையில் வழிந்து, கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் வரை ஓடியது.

உள்ளேயிருந்து நான்கைந்து தலைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தன. யாரோ களுக்கென்று சிரித்தான். ஆத்மநாதன் வேகமாக வெளியே வந்தார்.

"சீச்சீ! என்னம்மா இது? ஆபீஸா, மாட்டுக் கொட்டாயா? நாத்தம் உள்ள வருது!"

அமிர்தவல்லி சணல் பாயை உருவி எடுத்துத் திரைபோலச் செபமாலைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். செபமாலை அழுது அவள் அதுவரை பார்த்ததில்லை. சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். எத்தனையோ பெண்களை இதைவிட மோசமான நிலையில் பார்த்தவள் அமிர்தவல்லி. அதில் அவளுக்கு அருவருப்பு ஏது? ஜன்னலில் தெரிந்த அந்த முகங்களைத்தான் அவளால் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துச் செபமாலையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சிறுநீரகத்தில் புண் என்றார்கள். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வந்தது. பிழைத்தாள், ஆனால் எழுந்து நடமாட நெடுநாள் ஆயிற்று.

அடுத்த மாத மீட்டிங்கில் பெரிய டாக்டர் வழக்கம்போல "யாருக்காவது குறை இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வராந்தாவிலிருந்து அமிர்தவல்லி எழுந்து உள்ளே வந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றாள்.

"இருக்குங்கய்யா. பொம்பளையாளுக ஒண்ணுக்குப் போக எடமில்லைங்க."

பின் பெஞ்சில் ஒரு இருமல், ஒரு அடக்கின சிரிப்பு.

ஆத்மநாதன் பதறிப்போனார். "இந்தாம்மா, இது சபை! எதைப் பேசறதுன்னு கிடையாதா?"

"சபைன்னுதான் சொல்றேன். போன மாசம் செபமாலையக்காவுக்கு இந்தச் சபையிலதான் நின்னபடிக்குப் போச்சு. எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தீங்களே, மறந்து போச்சா? காலையில வந்து பொழுதாகுற மட்டும் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். மாடுகூட நெனச்ச எடத்துல போகுதுங்க."

பெரிய டாக்டரின் காது சிவந்துவிட்டது. அவளைப் பார்க்காமல் கிளார்க்கைப் பார்த்து, "ஸீ டு இட்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவருக்குக் கோபமா வெட்கமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அம்மை குத்துகிற ரெங்கசாமி மட்டும் வெளியே வந்து, "நல்லா கேட்டீங்கம்மா. எங்களுக்கு இது புத்தியிலயே ஏறல" என்றார். மற்ற ஆண்கள் அவளைக் கடக்கும்போது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு போனார்கள்.

அடுத்த மீட்டிங்குக்குள் கொல்லைப்பக்கம் கீற்றால் ஒரு மறைப்பு எழுந்தது. தகரக் கதவு, உள்ளே ஒரு மண் தொட்டியில் தண்ணீர். மருத்துவச்சிகள் வரிசையில் நின்று போய்வந்தார்கள். அன்று மத்தியானம் அமிர்தவல்லி புங்கமரத்தடியில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். செபமாலை பக்கத்தில் இல்லையே என்பதுதான் குறை.

அந்தச் சுகம் ஆடி வரைக்கும்தான். ஆடி மாத மீட்டிங்குக்குப் போனால் தகரக் கதவில் பூட்டுத் தொங்கியது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். உள்ளே ஃபினாயில் பீப்பாய்கள். அவற்றின் மேல் சாய்த்து, மழையில் நனையாமல் ஆத்மநாதனின் சைக்கிள்.

செபமாலை அன்றுதான் உடம்பு தேறி முதல்முறையாக வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டாக்டர்கள் சொன்னபடி வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தவள், பூட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்த நிற்பு அமிர்தவல்லிக்குத் தாங்கவில்லை.

"நாகராசு! சாவி எங்க?"

பியூன் நாகராசு தலையைச் சொறிந்தான். "ஹெட் கிளார்க்கு ஐயாகிட்ட இருக்குதும்மா. உள்ள மீட்டிங்ல இருக்காக."

அமிர்தவல்லி கதவைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கீற்றில் கட்டிய கதவுதானே, பூட்டோடு சட்டமும் சேர்ந்து கையோடு வந்தது. சைக்கிளை வெளியே தள்ளினாள். அது சேற்றில் மணியடித்துக்கொண்டு விழுந்தது. பீப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். ஒன்று கவிழ்ந்து கொல்லை முழுக்க வெள்ளையாக ஓடியது. சத்தம் கேட்டு மொத்த மீட்டிங்கும் பின்வாசலுக்கு வந்து நின்றது.

"அக்கா, நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

செபமாலை உள்ளே போனாள். அமிர்தவல்லி கீற்று மறைப்பின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பெரிய டாக்டர் உட்பட அத்தனை ஆண்களையும் பார்த்தபடி நின்றாள். ஒவ்வொருவராகத் திரும்பி உள்ளே போனார்கள். ஆத்மநாதன் மட்டும் சேற்றிலிருந்து சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே, "இதுக்கு நீ அனுபவிப்பே" என்று முணுமுணுத்தார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அந்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது. திருமயம் பக்கத்தில், கடைசிப் பஸ் ரோட்டிலிருந்து கண்மாய்க்கரையும் பொட்டலுமாக நெடுந்தூரம் நடந்து போகவேண்டிய ஒரு குக்கிராமம். மழை பெய்தால் வண்டிகூடப் போகாது. அரிமளத்துப் பெண்கள் கூடி வந்து அழுதார்கள். "ஒங்களுக்கு ஏங்கம்மா இந்த வம்பு" என்றார்கள். அமிர்தவல்லிக்கும் அழுகை வந்தது. தன் ஓட்டு வீட்டை விட்டுப் போகிறோமே என்றுதான், செய்ததற்காக இல்லை.

புது ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பஸ் இல்லாத ஊரிலிருந்து மீட்டிங்குக்கு எப்படி வருவது? "பாதை சரியில்லை" என்று எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அடுத்த மாதமும் எழுதினாள். அப்புறம் ஆர்டர் வருவதே நின்றுபோயிற்று. தண்டனை கொடுத்தவர்களே அவளை மீட்டிங்கிலிருந்து விடுதலை செய்துவிட்டார்கள்! கரிப்புகை இல்லை, கோழிக்கூடை இல்லை, எச்சில் சுவர் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் முதலில் அவளைக் கண்டு பயந்தார்கள். ஒரு கஷ்டமான பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்த பிறகு தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் மாதம் பிறந்தால் அவளுக்கு ஒரு பரபரப்பு வரும். இன்றைக்கு அங்கே மீட்டிங் நடக்கும். செபமாலையக்கா கட்டுச்சோற்றை யாரோடு பிரிப்பாள்? இதைப் பேச ஊரில் யாருமில்லை. அம்மை குத்த வரும் ரெங்கசாமிதான் அவர்களுக்குள் போக்குவரத்து. "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். "இருக்காங்கம்மா. ஆனா கனைக்கிறது இல்ல. ஒங்களத்தான் கேட்டாங்க" என்பார் அவர். இப்படியே வருஷங்கள் ஓடின. யுத்தம் முடிந்தது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது.

அதற்கடுத்த வருஷம் சமஸ்தானம் இல்லாமல் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. பழைய அதிகாரிகள் கலைந்தார்கள். புது அதிகாரிகள் செய்த முதல் காரியம், ஒருவர் விடாமல் எல்லா மருத்துவச்சிகளுக்கும் மீட்டிங் ஆர்டர் அனுப்பியது. இந்த முறை திருச்சியில்.

"திருச்சியா! நாசமாப் போச்சு" என்று அமிர்தவல்லி காகிதத்தைக் கீழே போட்டாள். இவ்வளவு காலம் கை கொடுத்த அதே வாக்கியத்தை எழுதிப் போட்டுவிடலாம். பாதை இன்னும் சரியாகத்தான் இல்லை. எழுதவும் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் ரெங்கசாமி வந்து சொன்னார்:

"செபமாலையம்மா சொல்லச் சொன்னாங்க. காலை ரயில்ல கீரனூர்ல ஏறுறாங்களாம். லேடீஸ் பெட்டியில எடம் போட்டு வைப்பீங்களாம்."

எழுதிய காகிதத்தைக் கிழித்தாள்.

பொட்டலில் நடந்து, ஒரு ஊரில் வண்டி பிடித்து, பஸ் ஏறி, புதுக்கோட்டையில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ரயில் ஏறினாள். லேடீஸ் பெட்டி அவள் நினைத்ததைவிட மோசம். பலகையெல்லாம் எச்சில் இலை, காலடியில் யாரோ கொட்டிய ஊறுகாய், கக்கூஸ் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் ஆடிக்கொண்டு ஊரெல்லாம் நாறியது. முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்து உட்கார்ந்தாள். நார்த்தாமலைப் பாறைகள் ஜன்னலில் வந்து போயின.

கீரனூரில் செபமாலை ஏறினாள். பழையபடி கனத்திருந்தாள். தலைதான் வெளுத்துப் போயிருந்தது. பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தூத்தேறி! இதுலயா திருச்சி மட்டும் போகணும்?"

"மாசாமாசம் போகணுமாம்கா. ஆர்டர்ல போட்டிருக்கு, பாக்கலியா?"

"பாத்தேன், பாத்தேன். நீ வருவியா? இல்ல, மறுபடியும் பாதை இல்லைம்பியா?"

"நீங்க வந்தா வாரேன். நீங்க வராம இந்த எழவைக் கட்டிக்கிட்டு நான் மட்டும் எதுக்கு அழுகணும்?"

செபமாலை பெரிய உடம்பை இறக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரயில் குமாரமங்கலம் தாண்டுவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. அத்தனை வருஷத்துப் பிரசவங்களும் வரிசையாக வெளியே வந்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், காது கொடுத்துக் கேட்க முடியாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.